ஹெல்மெட்டுக்கு முன் காதடைப்பான்: முதன்முறை அணிபவர்களுக்கு

சென்ற ஆடி மாதம் திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். சுமார் 85 கிலோமீற்றர். போகும் வழியெல்லாம் கச்சான் காற்று எதிரே நின்று அறைந்தது. திரும்பி வரும்போது கந்தளாயில் தேநீர்க் கடைக்காரர் "சீனி போடவா?" என்று கேட்டது எனக்கு மூன்றாம் முறைதான் விளங்கியது. அன்றிரவு படுத்த பிறகும் காதுக்குள் ஒரு சில்வண்டு ஓயவில்லை.

பழி சைலன்சர் மீது விழுவதுதான் வழக்கம். உண்மையில் மணிக்கு 65 கிலோமீற்றரைத் தாண்டினாலே எஞ்சின் சத்தத்தைக் காற்றின் இரைச்சல் விழுங்கிவிடும். வேகம் 100ஐ நெருங்கும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தம் ஏறக்குறைய 100 டெசிபெல் வரை எழும். 85 டெசிபெல்லை எட்டு மணிநேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லுக்குக் கால் மணிநேரந்தான். விலை கூடிய ஹெல்மெட்டும் தலையைக் காக்குமே தவிர, இந்த இரைச்சலைப் பெரிதாகத் தடுக்காது.

படி 1: வாங்குவது
தொடங்குபவர்களுக்கு நுரையால் ஆன மென்மையான காதடைப்பானே போதும். பெரிய பாமசிகளிலும், பாதுகாப்புக் கையுறை விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். மருந்துப் பஞ்சு வேண்டாம். காற்றின் இரைச்சல் அதற்குள் புகுந்து வந்துவிடும்.

படி 2: செருகுவது
வேலையே இதுதான். முதலில் கையைக் கழுவுங்கள். செயினுக்கு எண்ணெய் போட்ட விரலோடு தொடாதீர்கள். நுரையை இரண்டு விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டி, விளக்குத் திரிபோல மெல்லியதாக்குங்கள். மடிப்பு விழக்கூடாது, விழுந்தால் அந்தக் கீறல் வழியே சத்தம் நுழையும். வலக் காதுக்கு என்றால், இடக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் காதுத் துளை அப்போது நேராகும். திரி பழையபடி விரிவதற்குள் வலக் கையால் உள்ளே செலுத்தி, விரல் நுனியால் பிடித்தபடி முப்பது எண்ணுங்கள். நுரை உள்ளே மெல்ல ஊதி அடைப்பது உங்களுக்கே தெரியும். நான் முதல் நாள் ஐந்து எண்ணியதும் கையை எடுத்துவிட்டேன்; தம்பலகாமம் போவதற்குள் இரண்டும் வெளியே வந்துவிட்டன.

படி 3: சோதிப்பது
இரு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திப் பாருங்கள். சத்தம் மேலும் நன்றாகக் குறைந்தால் காதடைப்பான் சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி மறுபடி உருட்டுங்கள். பெட்டியில் 33 டெசிபெல் குறைக்கும் என்று போட்டிருக்கலாம். பிழையாகச் செருகியவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

படி 4: ஹெல்மெட்
பட்டிகளை இருபக்கமும் நன்றாக விரித்துப் பிடித்து, நேராக இறக்குங்கள். இல்லாவிட்டால் உட்புற மெத்தை காதடைப்பானைப் பிடுங்கிவிடும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அரை மணிநேரத்தில் காது வலிக்கும்.

ஹோர்ன் கேட்காமல் போய்விடுமே என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். லொறி ஹோர்ன் தாராளமாகக் கேட்கும். காற்றின் உறுமல் அடங்குவதால் எனக்கு அது முன்னைவிடத் தெளிவாகவே கேட்கிறது. ஆனாலும் பழகும்வரை உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை எனக் கிட்டிய தூரம் போய்வந்து, கண்ணாடியைக் கூடுதலாகப் பாருங்கள். பட்டண நெரிசலில் நான் அணிவதில்லை. சீனக்குடா வந்ததும் ஓரமாக நிறுத்திப் போட்டுக்கொள்வேன். பாட்டுக் கேட்கும் இயர்போன் இதற்கு மாற்று அல்ல. அது இரைச்சலுக்கு மேல் இன்னோர் இரைச்சல்.

கழற்றும்போது வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும். திருகித் திருகி மெல்ல எடுங்கள். அழுக்கேறிய நுரையைக் கழுவாமல் எறிந்துவிடுங்கள். கடலில் குளித்துவிட்டு வந்தவர்கள் காது முழுதும் உலரும்வரை பொறுக்க வேண்டும். காதில் சீழ் வடிபவர்களும் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் காட்டட்டும்.