வேலையில்லாத சாலிம் அலி மாதிரி தூக்கணாங்குருவி பார்ப்பது எப்படி

பறவை பார்க்க ஆரம்பிக்கிற பலரும் முதல் வாரமே எண்ணிக்கையில் விழுந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், பட்டியல் நீண்டதே ஒழிய ஒரு பறவையைப் பற்றியும் உருப்படியாக நாலு வரி சொல்லத் தெரியாது. அப்புறம்தான் பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் செய்ததைப் படித்தேன்.

அப்போது அவர் பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்ற ஜெர்மன் பறவையியலாளரிடம் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். வந்து பார்த்தால் வேலை இல்லை. மனைவி தெஹ்மினாவோடு மகாராஷ்டிரத்தில் அலிபாக் பக்கம் கிஹிம் என்ற கடலோர ஊருக்குப் போனார், அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன, உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்துப் பறவையியல் பெரும்பாலும் சுடுவது, பாடம் செய்வது, அளப்பது. (அவரும் துப்பாக்கி தூக்கியவர்தான். சின்ன வயதில் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள்தொண்டைச் சிட்டு என்ன பறவை என்று தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனதில்தான் அவர் கதையே தொடங்குகிறது.) உயிரோடு இருக்கிற பறவை என்ன செய்கிறது என்று நாள்கணக்கில் பார்ப்பது அப்போது இங்கே புதுசு.

சரி, நீங்கள் எப்படிச் செய்வது?

மழைக்காலம், புல்லும் நெல்லும் உயர்ந்து நிற்கும் சமயம் பாருங்கள். பனை, ஈச்சை, கிணற்றின் மேல் சாய்ந்த மரம், இதில் எங்காவது கூடுகள் தொங்கும். ஏழெட்டுக் கூடு இருந்தால் போதும், நூறு கூடு உள்ள மரத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், குழம்பிப்போவீர்கள். தள்ளி உட்காருங்கள், நீங்கள் வந்த பிறகும் அவை நார் சுமந்து வந்துகொண்டிருந்தால் தூரம் சரி. பைனாகுலர் இருந்தால் நல்லது.

முதல் நாள் வேறெதுவும் வேண்டாம், மரத்தைப் படமாக வரைந்து ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு எண் போடுங்கள். இதைச் செய்யாமல் "இடது பக்கம் இரண்டாவது" என்று எழுதி வைத்து, மறுநாள் காற்றடித்து ஒரு கூடு விழுந்ததில் என் ஒரு வாரக் குறிப்பும் வீணாய்ப் போனது.

இப்போது கூட்டின் நிலை. கவனிக்க வேண்டியதே இதுதான். ஆண்தான் கட்டும், இனப்பெருக்க காலத்தில் தலை உச்சி பளிச்சென்று மஞ்சளாக, முகம் கறுப்பாக இருக்கும். பெண் கிட்டத்தட்ட பெண் சிட்டுக்குருவி சாயல். ஓலையின் ஓரத்தை அலகால் கடித்து, முனையைப் பிடித்தபடி பறக்கும்போது நார் சர்ரென்று கிழிந்து வரும், அதை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். கூடு பாதியில் கவிழ்த்த ஹெல்மெட் மாதிரி, கீழே குறுக்கே ஒரு பட்டையோடு நிற்கும். அந்தக் கட்டத்தில் ஆண் வேலையை நிறுத்திவிட்டு இறக்கையை அடித்து அடித்துக் கூப்பிடும். பெண்கள் வந்து உள்ளே ஏறி, நாரை இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் போய்விடும். ஒருத்திக்குப் பிடித்துவிட்டால் மட்டுமே முட்டை அறையும், கீழ்நோக்கித் தொங்கும் நீண்ட வாயிலும் முழுமையாகும்.

சாலிம் அலி கண்டது இதற்கு அடுத்த பகுதி. குடிவந்தவள் முட்டையிட்டு அடைகாக்க, ஐயா பக்கத்திலேயே அடுத்த பாதிக்கூட்டை ஆரம்பித்துவிடுவார், அதற்கு இன்னொருத்தி வருவாள். ஒரே நாளில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அதனால் தேதி, நேரம், கூட்டின் எண், நிலை, யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்கு வந்து எழுதினால் மனம் கதை சேர்த்துவிடும். கூடுகள் மரத்தின் எந்தத் திசையில் இருக்கின்றன, காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பதையும் குறியுங்கள். முட்டை இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

பாதியில் கைவிடப்பட்ட கூடுகளையும் விட்டுவிடாதீர்கள். என் நோட்டில் 4ஆம் எண் கூடு அப்படித்தான், மூன்று பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், நாலாம் நாள் ஆண் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேல் ஓலையில் புது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.