கால்வாசித் திருப்பில் மாட்டும் அபராதம்: படகின் கழிவுத் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகில் பொருத்திய கழிப்பறையின் கழிவு ஹோல்டிங் டேங்க் எனும் தேக்கத் தொட்டியில் சேரும், இல்லாவிட்டால் நேராகக் கடலுக்குப் போகும். எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பது ஒய் வால்வு, அதாவது Y எழுத்துப் போல இரண்டாகப் பிரியும் குழாய் அடைப்பான். அதன் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பாதை மாறிவிடும். அந்தச் சின்னக் கைப்பிடியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

"வால்வைத் தொட்டிப் பக்கம்தானே திருப்பி வைத்திருக்கிறேன், ஒரு சொட்டும் வெளியே போகவில்லையே" என்பது சோதனைக்கு வரும் அதிகாரியிடம் அடிக்கடி சொல்லப்படும் பதில். அமெரிக்கக் கடலோரத்தில் அது எடுபடாது. அங்கே கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றத் தடை இருக்கிறது. கூடவே, தொட்டி உள்ள படகு அந்த நீரில் ஓடும்போது கழிவு வெளியேறவே முடியாதபடி வால்வைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அதாவது நீங்கள் வெளியேற்றினீர்களா என்பது ஒரு கேள்வி, வெளியேற்ற முடிகிற நிலையில் வைத்திருந்தீர்களா என்பது தனிக் கேள்வி. இரண்டாவதற்கும் அபராதம் உண்டு.

எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. வால்வை மூடிக் கைப்பிடியைக் கழற்றிவிடலாம். மூடிய நிலையில் பூட்டுப் போடலாம். அல்லது ஒருமுறை இறுக்கினால் வெட்டித்தான் எடுக்க முடியும் என்கிற வகை கேபிள் டையால் (பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை) கட்டலாம். என் ஓட்டு கேபிள் டைக்குத்தான். விலை மலிவு, கட்டியிருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும், பூட்டுச் சாவியைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் நாக்கை அழுத்தினால் கழன்றுவிடும் வகையை வாங்கிவிடாதீர்கள். கயிறு, டேப் எல்லாம் கணக்கில் வராது. தொட்டிக் கழிவை அரைத்துக் கடலில் தள்ளும் மேசரேட்டர் பம்பின் ஸ்விட்சை அணைத்து வைப்பதும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, விதி "ஒவ்வொரு வால்வும்" என்கிறது. ஒய் வால்வை ஒழுங்காகக் கட்டிவிட்டு, மேசரேட்டருக்குப் பின்னால் இருக்கும் சீகாக்கை, அதாவது குழாய் படகின் உடலைத் தாண்டிக் கடலுக்குப் போகும் இடத்தில் உள்ள வால்வை, மறந்துவிடுகிறவர்கள் நிறைய. முதலில் குழாய் போகும் வழியை டார்ச் அடித்து ஒருமுறை கையாலேயே தடவிப் பாருங்கள். பழைய படகாக இருந்தால், முந்தைய உரிமையாளர் போட்ட இணைப்பு ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும்.

தூரக் கணக்கிலும் குழப்பம் வருகிறது. 3 கடல் மைல் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும் கரையிலிருந்து அளப்பது அல்ல, கடல் எல்லையை அளக்க வரைபடத்தில் வகுத்த அடிப்படைக் கோட்டிலிருந்து. வளைகுடாவுக்குள் எவ்வளவு நடுவில் நின்றாலும் வெளிக்கடல் ஆகிவிடாது. "12 கடல் மைல், 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகம்" என்று சிலர் ஒப்பிப்பது, கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பில் உள்ள விதி. சர்வதேசப் பயணம் போகும் 400 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்ற கப்பல்களுக்கும் உரியது அது. உங்கள் பாய்மரப் படகுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான். ஸ்வீடன் 2015 ஏப்ரல் முதல் பொழுதுபோக்குப் படகுகள் தன் கடல் எல்லைக்குள் எங்குமே கழிப்பறைக் கழிவை விடக் கூடாது என்று தடுத்துவிட்டது.

சுத்திகரிப்புக் கருவி இருந்தால் கவலையில்லை என்பதும் அரை உண்மைதான். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் போல முழுத் தடை அறிவித்த நீர்ப்பரப்பில் சுத்திகரித்த கழிவையும் விடக் கூடாது. அங்கே நுழைவதற்கு முன்பே கருவியையும் மூடிப் பாதுகாக்க வேண்டும்.

சரி, எல்லாம் பூட்டியாயிற்று. அப்புறம் தொட்டி நிரம்புமே! பிரச்சினை பாதி இங்கேதான் தொடங்குகிறது. அளவுமானியை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே படியும் கசடு அதை ஏமாற்றிவிடும். ஒரு ஃபிளஷுக்கு எவ்வளவு நீர் போகிறது என்று அளந்து, தொட்டியின் கொள்ளளவை அதனால் வகுத்துக்கொள்வது மேல். முக்கால் பங்கு ஆனதுமே, தொட்டிக் கழிவை உறிஞ்சி எடுக்கும் பம்ப்-அவுட் நிலையத்துக்குப் போய்விடுங்கள். 1992-ல் வந்த தூய படகுச் சட்டத்தின் நிதியில் அமெரிக்கா முழுக்க இந்த நிலையங்கள் அமைந்திருக்கின்றன. பல இடங்களில் இலவசம்.

கழிவை உறிஞ்சுவதற்காகப் படகின் மேல்தளத்தில் உள்ள டெக் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று சீறினால், தொட்டிக்குக் காற்று போய்வரும் வென்ட் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள். அந்த நிலையில் பம்ப்-அவுட் ஹோஸை மாட்டி உறிஞ்சினால் பிளாஸ்டிக் தொட்டி உள்வாங்கி நசுங்கும், தையல் விடும். வென்ட் திறந்திருந்தால் நாற்றமும் குறையும். காற்றுப் படாத கழிவில்தான் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. நாற்றத்துக்குப் பிளீச் ஊற்றுகிறவர்கள் ரப்பர் பாகங்களைத்தான் கெடுக்கிறார்கள். ஈரத்துடைப்பான் காகிதம் உள்ளே போகவே கூடாது. பொட்டலத்தில் "ஃபிளஷ் செய்யலாம்" என்று போட்டிருந்தாலும் மேசரேட்டரின் பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

மாதக்கணக்கில் கட்டியே கிடக்கும் வால்வில் கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து சுண்ணாம்பு போல் படியும். தேவைப்படும் நாளில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். தொட்டியைக் காலி செய்து நல்ல தண்ணீரில் அலசிய கையோடு, சீகாக் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டையை வெட்டி ஒய் வால்வை நாலைந்து முறை இரு பக்கமும் திருப்பி விடுங்கள். கழிப்பறை வழியாகக் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்தால் படிவு இளகும். அலசப் பயன்படுத்திய ஹோஸை மட்டும் குடிநீர்த் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். கிளம்புவதற்கு முன் புது டை போட்டுக் கட்டிவிடுங்கள்.