முட்டைக் கோழிக்கு முன்னால் தாய்க்கோழி

"எந்த ரகக் கோழி வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முட்டை செலவாகிறது? இது தெரியாமல் ரகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கருங்கோழி, வான்கோழி, காலில் இறகு முளைத்த கோழி என்று ஆசை எங்கெங்கோ போய்விடும்.

எங்கள் வீடு மணப்பாறைப் பக்கம். 12 சென்ட் செம்மண் நிலம், இரண்டு வேப்பமரம், ஒரு முருங்கை, பழைய மாட்டுக்கொட்டகை. நானும் வீட்டுக்காரரும், அத்தை, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர். ஒரு நாளைக்கு 3 முட்டை வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100. அந்தக் கணக்கை வைத்துத்தான் என் கோழிகளைப் பொறுக்கினேன். இப்போது 11 பெட்டை, ஒரு சேவல் இருக்கின்றன. ஐந்து கிராமப்பிரியா (முட்டைக்கான கலப்பினம்), நான்கு சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), இரண்டு கடக்நாத் (கருங்கோழி).

முதலில் சிறுவிடை. முட்டை மட்டும் வேண்டும் என்பவர்கள் இதைத்தான் கழித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அப்படித்தான் தோன்றும். ஒரு சிறுவிடைக் கோழி ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். அதற்கே மூன்று வாரம் ஆகிவிடும். பிறகு 21 நாள் அடை. குஞ்சு பொரித்தால் இரண்டு, இரண்டரை மாதம் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயும். ஆக ஒரு சுற்று நான்கு மாதம், வருஷத்துக்கு மூன்று சுற்று. 45 முட்டை கிடைத்தால் உண்டு. குஞ்சுகளை ஒரு மாதத்தில் பிரித்துவிட்டால் நான்கு சுற்று வரும், 55 முட்டை வரை எடுக்கலாம். முட்டையும் சின்னது, 40 கிராம் சுமாருக்கு இருக்கும்.

அப்படியிருந்தும் நான்கு கோழிகள் வைத்திருப்பதற்குக் காரணம், அதிகம் முட்டையிடுகிற எந்த ரகமும் ஒழுங்காக அடைக்கு உட்காராது. அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நிற்கும் என்பதால், முட்டை ரகங்களை உருவாக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தை ஒதுக்கிவிட்டார்கள். கிராமப்பிரியாவிலும், பண்ணைகளில் வளர்க்கிற வெள்ளை லெகார்னிலும் தாய்க்கோழி கிடையாது. குஞ்சு வாங்கினால் மூன்று, நான்கு வாரம் பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். எங்கள் ஊரில் ராத்திரி கரண்ட் போனால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். முதல் வருஷம் எனக்கு 20 குஞ்சில் 7 அப்படிப் போயின. அப்போதுதான் அத்தை, "கோழிக்குப் பொறந்ததைக் கோழிகிட்டதான் விடணும்" என்றார்.

அதற்கான முறையை அத்தையிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். குஞ்சுப் பண்ணையில் தேதி சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதிக்கு இரண்டரை, மூன்று வாரம் முன்னால் அடைக்கு உட்கார்ந்த சிறுவிடை ஒன்றுக்கு நான்கைந்து கூமுட்டைகளை மட்டும் வைத்து, இருட்டான மூலையில் கூடையில் உட்கார வைக்க வேண்டும். குஞ்சு வந்த அன்று பகலில் கிட்டேயே போகக் கூடாது. நான் ஒரு தடவை பகலிலேயே விட்டுப் பார்த்தேன். அவள் ஒரு குஞ்சின் மண்டையில் கொத்திவிட்டாள், அது பிழைக்கவில்லை. அடுத்த தடவை ராத்திரி 10 மணிக்குச் செய்தோம். அத்தை டார்ச்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். நான் கையை அவள் வயிற்றுக்கடியில் விட்டு ஒரு முட்டையை எடுத்தேன், அதே கையால் ஒரு குஞ்சைச் சிறகுக்கடியில் தள்ளினேன். முதலில் தொண்டைக்குள்ளே உறுமினாள். நாலாவது குஞ்சு உள்ளே போனதும் உறுமல் நின்று, மெல்ல "கொக்... கொக்..." என்று ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். 12 குஞ்சையும் விட்டோம். காலையில் பார்த்தால் சிறகோரத்தில் வரிசையாகத் தலைகள். மூன்றாம் நாள் கரையான் புற்றைக் கிளறி, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். பருந்து நிழல் விழுந்தால் ஒரே குரலில் எல்லாக் குஞ்சும் செடிக்கடியில் ஓடி ஒளிந்தன. பல்பு அதையெல்லாம் சொல்லித்தராது.

ஒரு சிறுவிடைக்கு 12 குஞ்சு தாங்கும். அதற்கு மேல் விட்டால் ஓரத்தில் இருப்பவை குளிரில் விறைக்கும். ஆகவே தாய்க்கோழியை முதலில் வாங்குங்கள். அது முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்த பிறகு முட்டை ரகக் குஞ்சுக்குச் சொல்லிவையுங்கள்.

சிறுவிடையை வாரச்சந்தையில் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். பல ஊர்க் கோழிகள் சேருகிற இடத்தில் வெள்ளைக் கழிச்சல் நோயும் சேர்ந்தே வரும். பக்கத்து ஊரில் இரண்டு ஈடு குஞ்சு பொரித்து வளர்த்த கோழி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அதன் விடைகளை வாங்குங்கள். தாய் நன்றாக அடைகாத்தால் மகளும் பெரும்பாலும் காக்கும்.

முட்டைக்கு என் தேர்வு கிராமப்பிரியா. ஹைதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கியது. பழுப்பு முட்டை, 55 கிராம் வரை வரும். மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் கொடுத்தால் வருஷத்துக்கு 160 முட்டைக்குக் குறையாமல் எங்கள் வீட்டில் கிடைக்கிறது. உடம்பும் அளவானது, ஒன்றரைக் கிலோ சொச்சம். ஓடும், ஓரளவு பறக்கும். அதே இடத்திலிருந்து வந்த வனராஜாவைச் சிலர் முட்டைக்கு என்று வாங்கி ஏமாறுகிறார்கள். அது கறிக்கும் முட்டைக்கும் பொதுவாக உருவாக்கியது. கனத்த உடம்பு, 100 முட்டை சுமாருக்குத்தான் எதிர்பார்க்கலாம், நாய் துரத்தினால் ஓடவும் முடியாது. சேவலை விற்கலாம் என்கிறவர்களுக்கு வனராஜா சரி. சென்னைப் பக்கம் இருப்பவர்கள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி–1 கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ரோட் ஐலண்ட் ரெட் வழியில் வந்த முட்டைக் கோழி அது.

குஞ்சாக வாங்கினால் சேவலும் பெட்டையும் பாதிப் பாதி வரும் என்பதை மறக்க வேண்டாம். ஐந்து பெட்டை வேண்டுமென்றால் 12 குஞ்சு வாங்குங்கள். சேவல்கள் நான்கைந்து மாதத்தில் குழம்புக்குப் போகும். இன்னொன்று, கிராமப்பிரியா ஒரு கலப்பினம். அதன் முட்டையை அடை வைத்தால் குஞ்சு பொரிக்கும், ஆனால் தாயைப் போல முட்டையிடாது. அடுத்த தலைமுறைக்குப் பண்ணையில்தான் வாங்க வேண்டும்.

வெள்ளை லெகார்னை நான் சேர்க்கவில்லை. நாமக்கல் பண்ணைகளில் வருஷத்துக்கு 300 முட்டை இடுகிற கோழிதான். ஆனால் அது கூண்டுக்குள், ஒரு நாளைக்கு 110 கிராம் அளந்த தீவனத்தில், விளக்கு வெளிச்சம் கூட்டி எடுக்கிற முட்டை. திறந்த வாசலில் அந்த வெள்ளை நிறம் பருந்துக்கு ரொம்பத் தூரத்திலிருந்தே தெரியும்.  எங்கள் வீட்டில் மூன்று இருந்தன, இரண்டைப் பருந்து தூக்கியது. வெயிலுக்கு ரொம்பத் தோதானது கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழி. அந்தக் குணம் கழுத்தில் மட்டும் அல்ல, உடம்பு முழுக்கவே இறகைக் குறைக்கிறது, சூடு சீக்கிரம் வெளியேறும். பார்க்க நன்றாக இல்லை என்று ஒதுக்காதீர்கள். வறண்ட ஊர்க்காரர்களுக்கு நல்ல கோழி.

கடக்நாத் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏமாற்று அதிகம் நடப்பது இதில்தான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி, அதன் கறிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷத்துக்கு 80 முட்டை, அடைக்குச் சரியாக உட்காராது. கறுப்பு முட்டை இடும் என்று ஒரு வியாபாரி என்னிடம் சொன்னார். அப்படி எதுவும் இல்லை. முட்டை வெளிர் பழுப்புதான், ரத்தமும் சிவப்புதான். அவரிடம் வாங்கிய ஆறு குஞ்சில் நான்கு வளர வளரக் கொண்டை சிவந்துவிட்டது. வளர்ந்த கோழியாக வாங்கும்போது அலகைத் திறந்து நாக்கைப் பாருங்கள், கொண்டை, தாடி, கால், விரலடி எல்லாம் பாருங்கள். எங்காவது ரோஸ் நிறம் தெரிந்தால் அது கலப்பு. நான் இரண்டை வைத்திருப்பது மகளின் ஆசைக்காக. முட்டைக்காக மட்டும் யாரும் இதை வாங்க வேண்டியதில்லை.

பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையை இந்தக் கூட்டத்தில் விடாதீர்கள். கம்பீரமான இனம், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் பெட்டைகள்கூட ஒன்றை ஒன்று ரத்தம் வரும்வரை கொத்தும், கனத்தில் அடைமுட்டைகள் உடையும். பெருவிடைச் சேவல் சிறுவிடைப் பெட்டை மேல் ஏறினால் முதுகு கிழியும். தனி இடம் இருந்தால் தனியாக வளருங்கள். கலந்து வளர்ப்பதற்கு எடை வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் இருப்பது நல்லது. சேவலும் சிறுவிடையாகவே இருக்கட்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். முட்டை சாப்பிட மட்டும்தான் என்றால் சேவலே தேவையில்லை, ஆனால் பருந்து வரும்போது முதல் குரல் கொடுப்பது அதுதான்.

சரி, இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். ஐந்து கிராமப்பிரியா தலா 160 என்றால் 800. நான்கு சிறுவிடை தலா 55 என்றால் 220, அதில் அடைக்கு 40 போக 180. கடக்நாத் இரண்டும் சேர்ந்து 160. மொத்தம் 1,140. உங்கள் வீட்டுத் தேவை ஒரு நாளைக்கு 2 முட்டைதான் என்றால் நான்கு கிராமப்பிரியாவும் நான்கு சிறுவிடையும் போதும். நாள் தவறாமல் ஒரே அளவு கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறையும், இறகும் உதிரும், முட்டை பாதியாகும்.

வளர்ந்த பெட்டையாக வாங்குகிறவர்கள் முட்டையிடுகிற கோழியா என்று கையில் பிடித்தே பார்க்கலாம். கோழியை இடுக்கில் அணைத்துக்கொண்டு, வாலுக்குக் கீழே இருக்கிற இரண்டு மெல்லிய எலும்புமுனைகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது நிறுத்திவிட்டது. முட்டையிடுகிற கோழிக்குக் கொண்டை சிவந்து சூடாக இருக்கும், மலத்துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். கடக்நாத்துக்கு மட்டும் கொண்டையை நம்ப முடியாது, எலும்பைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கி வந்ததும் நேராக மந்தையில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, எச்சத்தையும் மூக்கையும் கவனியுங்கள். பிறகு ராத்திரி, மற்றவை கட்டையில் தூங்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். கொத்து இருக்கும், நான்கு நாளில் அடங்கும்.

தீவனத்தில் எல்லா ரகத்தையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. சிறுவிடை மேய்ந்தே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும், சாயங்காலம் ஒரு கைப்பிடி கம்பும் குருணையும் போதும். கிராமப்பிரியாவுக்கு அது பற்றாது. முட்டைக்கோழித் தீவனம் தினம் 50 கிராமாவது தனியாகக் கொடுக்கிறேன், கிளிஞ்சலை உடைத்து ஒரு சட்டியில் எப்போதும் வைத்திருக்கிறேன். கிளிஞ்சல் தீர்ந்து பத்து நாள் கவனிக்காமல் விட்டபோது தோல்முட்டை வந்தது.

அடைக்கு உட்காரும் கோழி எல்லாவற்றையும் உட்கார வைக்க வேண்டியதில்லை. தேவையில்லாத நேரத்தில் உட்கார்ந்தால், அடியில் காற்று போகிற கம்பிக்கூண்டில் தீனி தண்ணீரோடு நான்கு நாள் வையுங்கள், தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைக் குத்துவதும் இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. அது வதை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

தடுப்பூசியில் ரகம் பார்க்க வேண்டாம், நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்பது பொய். வெள்ளைக் கழிச்சல் வந்தால் சிறுவிடையும் சேர்ந்தே போகும். மேரக்ஸ் நோய்க்கான ஊசியை முதல் நாளே போடும் பண்ணையில் குஞ்சு வாங்குங்கள். ஏழாம் நாள் கண்ணில் கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் கழிச்சல் ஊசி. தாயிடம் இருக்கிற குஞ்சுகளையும் ராத்திரியில் ஒவ்வொன்றாக எடுத்துச் சொட்டு விட்டுத் திரும்ப வைத்துவிடலாம். கால்நடை மருந்தகத்தில் கோழிக்கழிச்சல் முகாம் எப்போது என்று தை மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமப்பிரியாவின் முட்டை இரண்டாம் வருஷம் குறையத் தொடங்கும். அதனால் வருஷா வருஷம் சித்திரை வெயில் முடிந்ததும் 12 குஞ்சுக்குச் சொல்லிவைக்கிறேன். இந்த வருஷம் எங்கள் சிறுவிடை செவலை அடைக்கு உட்கார்ந்து ஒரு வாரம் ஆகிறது, குஞ்சு வர இன்னும் 11 நாள் இருக்கிறது.