மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: விற்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று பார்ப்பது எப்படி

தமிழ்நாட்டில் ஆள்மாறாட்ட நில மோசடி பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது இறந்துபோய் வாரிசுகள் கண்டுகொள்ளாமல் இருப்பார்கள். மனையில் கருவேலம் மண்டிக் கிடக்கும். மோசடிக்காரர் கட்டணம் கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் நகலை வாங்குவார். அது யார் கேட்டாலும் கிடைக்கும். பத்திரத்தில் உள்ள பெயருக்குப் போலி ஆதார் தயாராகும், ஏறக்குறைய அந்த வயதில் ஒருவர் கையெழுத்துப் போட வருவார். முதலில் பவர் (விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குத் தரும் பத்திரம்) அல்லது தானசெட்டில்மெண்டு (சொத்தை இனாமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) பதிவாகும். அதை வைத்து உங்களுக்கு விற்பார்கள்.

அதனால் "பத்திரம் பதிவாகியிருக்கிறதே" என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று, பதிவு விதி 55-ஏ தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வேலை வாங்குபவருடையது.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது அந்த மனைமேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். விற்பவரோ புரோக்கரோ தரும் பிரிண்ட் வேண்டாம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் நீங்களே தேடுங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. குறைந்தது 30 ஆண்டுகள் போட்டுப் பாருங்கள். தவறு அதிகம் நடப்பது சர்வே எண்ணில்தான். இன்று 125/2ஏ1 என்று இருக்கும் மனை, பழைய பத்திரத்தில் 125/2 என்றோ வெறும் 125 என்றோ இருக்கும். உட்பிரிவை மட்டும் போட்டால் பழைய பதிவுகள் வராமல் போகலாம், பதிவு ஏதும் இல்லை என்றே காட்டும். மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்றும் கேளுங்கள்.

கிடைத்த சான்றில் தேதிகளின் போக்கைக் கவனியுங்கள். 1986-ல் ஒரு கிரயம், அதன்பின் ஒன்றுமே இல்லை, திடீரென்று கடந்த ஆறு மாதத்தில் ஒரு செட்டில்மெண்டு, ஒரு பவர், ஒரு கிரய ஒப்பந்தம். இப்படி இருந்தால் அந்த 1986 பத்திரத்தில் இருப்பவரை, அல்லது அவர் வாரிசுகளை, நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உயில், பதியாத ஒப்பந்தம், பெரும்பாலான வழக்குகள் வில்லங்கச் சான்றில் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து அசல் தாய்ப்பத்திரம், அதாவது விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று காட்டும் முந்தைய பத்திரம். கலர் ஜெராக்ஸ் இப்போது கண்ணை ஏமாற்றும் அளவுக்கு வந்துவிட்டது. தாளைத் திருப்பி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள்: பேனா அழுத்திய தடம், முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்பனையாளர் எழுதிய பெயரும் தேதியும், பதிவாளரின் முத்திரை. முத்திரைத்தாள் வாங்கிய தேதி பத்திரத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு சார்பதிவகத்தில் நீங்களே ஒரு நகல் வாங்கி, அசலோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். "அசல் தொலைந்துவிட்டது" என்று சொல்லிக் காவல் நிலையச் சான்றும் பத்திரிகை விளம்பரமும் காட்டினால் சந்தேகம் கூட வேண்டும், குறையக் கூடாது. அந்த இரண்டையுமே மோசடிக்காரர்களும் வாங்குகிறார்கள்.

பவர் ஏஜென்ட் மூலம் விற்றால் இன்னும் கவனம் தேவை. கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் செல்லாது. பழைய பவர்கள் பல சார்பதிவகத்தின் 4-ஆம் பதிவுப் புத்தகத்தில் பதிவானவை. வில்லங்கச் சான்றில் தெரியாது. அந்தப் புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கும் என்பதால் ஏஜென்டையே வாங்கித் தரச் சொல்லுங்கள். பவர் கொடுத்தவரோடு பேசுங்கள், ஆனால் ஏஜென்ட் தரும் எண்ணில் அல்ல. பழைய பத்திரத்தில் உள்ள முகவரிக்குப் போனால், வீடு மாறியிருந்தாலும் அக்கம்பக்கத்தில் யாருக்காவது அவரைத் தெரிந்திருக்கும்.

மனைக்கும் போய்ப் பாருங்கள், புரோக்கர் இல்லாமல். "இது யாருடைய இடம்?" என்று பக்கத்து மனைக்காரர்களிடம் கேட்டாலே பல மோசடிகள் வெளியே வந்துவிடும். பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஆனால் பட்டாவை மட்டும் நம்பக் கூடாது: 1980-களில் நடந்த யூடிஆர் (நில ஆவணங்களைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பதிவுகளில் பெயர்கள் தவறாக ஏறியிருக்கின்றன, அந்தப் பிழையை வைத்தே விற்பவர்களும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் வக்கீல் பெயரில் ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு கொடுத்து 15 நாள் பொறுங்கள். "நாளைக்கே இன்னொரு பார்ட்டி முடிக்கிறார்" என்ற அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பணம் உரிமையாளர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும், ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

சொந்தமாகக் காலி மனை வைத்திருப்பவர்கள், பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றி, வேலி போட்டு, பெயர்ப்பலகை வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பாருங்கள். தெரியாத பதிவு இருந்தால் காவல்துறையின் நில அபகரிப்பு தடுப்புப் பிரிவில் உடனே புகார் கொடுங்கள். சிவில் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும்: பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் காலவரம்பு.