டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கற பெரியவங்களோட ஆக்டிவிட்டி பண்றது எப்படி? டவல் மடிக்கறதுலேந்து ஆரம்பிக்கலாம்

முதல்ல ஒரு நோட்டுல அவங்க என்ன வேலை பாத்தாங்க, எந்த மாதிரி பாட்டு பிடிக்கும், எதுல கை பழகியிருக்குன்னு எழுதிக்கங்க. நேத்து நடந்தது சீக்கிரம் மறந்து போயிடும், ஆனா பல வருஷம் செஞ்சு பழகின வேலை ரொம்ப நாள் கையில நிக்கும், அதனால ஆக்டிவிட்டி அவங்க வாழ்க்கையிலேந்துதான் வரணும், குழந்தைங்க பொம்மைய கொண்டுவந்து குடுக்காதீங்க.

சாயங்காலம் ஆக ஆக நிறைய பேருக்கு குழப்பமும் பதட்டமும் கூடும், அதனால காலைல சாப்பிட்டு, பாத்ரூம் போயிட்டு வந்தப்புறம் வெச்சுக்கங்க. கண்ணாடி, ஹியரிங் எய்ட் போட்டாச்சா பாருங்க. டிவி ஆஃப்.

இப்ப டவல். மேசைமேல பூ போட்ட விரிப்பு வேணாம், ஒரே கலர்ல விரிச்சு அதுக்கு நல்லா வித்தியாசமான கலர் டவலா நாலஞ்சு வைங்க, அப்பதான் கண்ணுக்கு தனியா தெரியும். "எனக்கு கொஞ்சம் ஹெல்ப் பண்றீங்களா"ன்னு கேட்டுட்டு நீங்க ஒண்ண மெதுவா மடிச்சு காட்டுங்க. மடிக்கறப்ப பேசாதீங்க, கையையும் பாத்து பேச்சையும் கேக்கறது அவங்களுக்கு கஷ்டம். ஆரம்பிக்க வரலன்னா ஒரு முனைய நீங்க பிடிச்சுக்கிட்டு இன்னொரு முனைய அவங்க விரல்ல குடுத்துப் பாருங்க, பல தடவை அதுக்கப்புறம் கை தானா போகும். கோணலா மடிச்சாலும் அவங்க முன்னாடி பிரிச்சு திருத்தாதீங்க, ப்ளீஸ். டவல் நேரா இருக்கணும்கறதுக்காகவா இதெல்லாம் பண்றோம்?

போட்டோ பாக்கறப்ப "இது யாரு, ஞாபகம் இருக்கா"ன்னு பரீட்சை வைக்கவே வைக்காதீங்க, பதில் வரலன்னா அவங்க முகம் வாடிடும். "இந்த சைக்கிள் எப்படி இருக்கு, உங்களுக்கு பிடிச்சிருக்கா"ன்னு கேளுங்க, அதுக்கு தப்பான பதிலே கிடையாது.

குரூப்பா பண்றதுக்கு காக்னிடிவ் ஸ்டிமுலேஷன் தெரபின்னு ஒண்ணு இருக்கு, அதாவது பேச்சு, விளையாட்டு மூலமா மூளைக்கு வேலை குடுக்கற பயிற்சி, ஆரம்ப, நடுத்தர கட்டத்துல இருக்கறவங்களுக்கு வாரம் 2 தடவை, 7 வாரம், மொத்தம் 14 செஷன், ஒவ்வொண்ணும் சுமார் 45 நிமிஷம். அங்கயும் ஞாபகத்த சோதிக்கறத விட கருத்து கேக்கறதுதான் முக்கியம். வீட்டுல தனியா பண்றப்ப 15, 20 நிமிஷமே தாராளம்.

எதையும் வாயில போடற பழக்கம் இருந்தா பட்டன், மணி மாதிரி சின்ன சாமான் பக்கமே போகாதீங்க. முகத்த திருப்பினாலோ எழுந்திருக்கப் பாத்தாலோ உடனே நிறுத்தி, "நல்ல உதவி பண்ணீங்க"ன்னு சொல்லிட்டு எடுத்து வெச்சுடுங்க. எது பிடிச்சது, எப்ப சலிச்சதுன்னு அதே நோட்டுல ரெண்டு வரி எழுதுங்க, நாளைக்கு வேற யாராவது பாத்துக்க வந்தா அவங்களுக்கும் ஆகும்.