சம்பந்தி வீட்டுக் குலச் சங்க விருந்துக்குப் போகிறீர்களா?

என் மருமகன் ஸ்காட்லாந்தின் மெக்டொனால்ட் குலத்தவர். நவம்பர் 30, ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான செயின்ட் ஆண்ட்ரூவின் நாள் நெருங்கினால், விருந்துக்காக எங்கள் சிங்கப்பூர் தோ பாயோ வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வில்லை.

உங்களுக்கும் அழைப்பு வந்தால், முதலில் கில்ட்டை, அதாவது ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும் மடிப்புப் பாவாடையை, கவனியுங்கள். முறையாகத் தைத்தது எட்டு கெஜக் கம்பளி. நம் புழுக்கத்தில் அதை அணிந்துகொண்டு எம்ஆர்டி ரயில் ஏறாதீர்கள், மண்டபத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். மடிப்புகள் பின்பக்கம் வரவேண்டும். கில்ட்டின் அலங்கார ஊசியை முன்பக்கத்து மேல் துணியில் மட்டும் குத்துங்கள்; அடித்துணியோடு சேர்த்துக் குத்தினால் தொங்கும் அழகு போய்விடும். ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கட்டத்துணி உண்டு; ஸ்காட்டிஷ் குலம் இல்லாதவர்களுக்கு ‘பிளாக் வாட்ச்’ என்ற பொதுக் கட்டம் பொருந்தும். நான் பட்டு வேட்டியில்தான் போகிறேன், ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

விருந்தில் பரிமாறும் ஹாகிஸ் என்பது ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸும் வெங்காயமும் சேர்த்து வேகவைத்தது. குடல் கறி தின்று வளர்ந்தவர்களுக்கு என்ன பயம்? சைவ ஹாகிஸும் உண்டு; முன்பே சொல்லிவையுங்கள்.

‘டாஷிங் ஒயிட் சார்ஜண்ட்’ நடனத்தில் மூவருக்கு மூவர் எதிரெதிராக நிற்பார்கள். புதியவர் ஓரத்தில் நில்லுங்கள், நடுவில் இருப்பவருக்குத்தான் சுற்று அதிகம். வேகமாகச் சுழன்று ஆடும் ‘ஸ்ட்ரிப் த வில்லோ’ நடனம் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.