நன்கொடை ஏழையின் கைக்குப் போய்ச் சேர: கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வளரும் நாடுகளில் வறுமையைக் குறைக்கப் பணம் தர நினைப்பவர், எவ்வளவு தருவது என்பதற்கு முன்பாக, அது யார் கைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

புதுமையான கருவி என்பதற்காக மட்டும் எதற்கும் பணம் தராதீர்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்', குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடும்போதே நிலத்தடி நீரை மேலேற்றும் என்று சொல்லப்பட்டதால், 2006இல் அதற்குப் பெருந்தொகை திரண்டது. ஆனால் குழந்தைகள் இல்லாத நேரத்தில் அந்தக் கனமான ராட்டினத்தைப் பெண்களே சுற்ற வேண்டியிருந்தது. பழுதானபோது ஊராரால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. எனவே எந்தக் கருவித் திட்டமானாலும், பழுது பார்ப்பவர் யார், உதிரிபாகம் எங்கே கிடைக்கும், அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் விலகிவிடுவதே நல்லது.

தொழில்நுட்பம் பணத்தைக் கொண்டுசேர்க்கும் வழியாக இருக்கும்போதுதான் அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா, சாதாரணக் கைப்பேசியிலேயே பணம் அனுப்பவும் பெறவும் வழிசெய்தது. அது ஏறத்தாழ 1,94,000 குடும்பங்களைக் கடும் வறுமையிலிருந்து மீட்டதாக 2016இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கிவ்டைரக்ட்லி என்னும் அறக்கட்டளை இவ்வழியாகவே ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் அனுப்புகிறது. கென்யாவில் அது 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் தந்தபோது, பணம் பெறாத அண்டை வீட்டாரின் வருவாயும் செலவும்கூட உயர்ந்தன. விலைவாசியோ மிகச் சிறிதளவே ஏறியது. இதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: அந்தக் குடும்பமே நேரடியாகப் பணத்தைப் பெற்றுச் செலவிடுவதைவிட இந்த நிறுவனம் அதைக் கொண்டு அதிக நன்மை செய்யுமா? கொசுவலை, தடுப்பூசி போன்ற சில பணிகளுக்கு ஆம் என்று சொல்ல வலுவான சான்று உண்டு; கிவ்வெல் என்னும் அமைப்பு 2007 முதல் இத்தகைய சான்றுகளை ஆராய்ந்து இலவசமாக வெளியிட்டு வருகிறது. நிர்வாகச் செலவு குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஏனெனில் பலனை அளந்து பார்ப்பதற்கும் செலவாகத்தான் செய்யும்.

தேர்ந்தெடுத்த பின், மாதந்தோறும் தானாகவே செல்லும் சிறு தொகையாகவும், எதற்கென்று கட்டுப்படுத்தாமலும் கொடுங்கள். பேரிடர் நேரத்தில் குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளைத் தொடாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து செல்லுங்கள்.

பணம் தர இயலாதவர்கள், வரைபடத்தில் இல்லாத ஊர்களை உதவிக் குழுக்களுக்காகக் குறிக்கும், 2014இல் தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டத்தில் சேர்ந்து, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் கூரைகளையும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த வரைபடத்தில் குறிக்கலாம். கணினியும் இணைய இணைப்பும் போதும். முதல்முறை சிறிய பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு பொறுமையாக முடியுங்கள். வரைபடத்தில் விடுபட்ட வீட்டைத் தடுப்பூசிக் குழுவினரும் தவறவிட்டுவிடக்கூடும்.